ப்ளூபெர்ரியைக் கண்டெடுத்தவர்கள்

வசந்தத்தில் மணியைக் கவிழ்த்தாற்போல் வெள்ளைப் பூ, கோடையில் நீலக் கனி, அடுத்து செக்கச் சிவந்த இலை, பனிக்காலத்தில் வெறுங்கொம்பு. அமெரிக்காவில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் விரும்பி வைக்கும் உயரமாக வளரும் ப்ளூபெர்ரிப் புதர், நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை காட்டுச் செடியாகத்தான் இருந்தது. பெயர்த்துவந்து நட்டவர்கள் கண்முன்னே அது வாடிச் செத்தது. 1906ல் ஆய்வைத் தொடங்கிய அரசு வேளாண் துறைத் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவ்வில் காரணத்தைக் கண்டார். சாணமும் சுண்ணாம்பும் இட்ட வளமான மண்தான் இதற்கு நஞ்சு. புளிப்பேறிய மண்ணில்தான் இது பிழைக்கும்; வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சையும் அதற்குத் துணைபுரியும். 1910ல் வெளிவந்த அவருடைய அறிக்கையை நியூ ஜெர்சியில் கிரான்பெரி பயிரிட்ட குடும்பத்தைச் சேர்ந்த எலிசபெத் வைட் படித்தார். நிலமும் ஆளும் தருகிறேன், இங்கே வந்து சோதியுங்கள் என்று அழைத்தார். 1916ல் அவர்களுடைய முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது. வழக்கமாக வரலாறு இந்த இருவரோடு நின்றுவிடுகிறது. நிற்கக் கூடாது என்பதே என் வாதம்.

மண்ணின் மர்மம் தெரிந்தால் செடி பிழைக்கும், பழம் பருக்காது. அதற்குத் தேர்ந்த தாய்ச்செடி வேண்டும். நியூ ஜெர்சியின் பைன் பேரன்ஸ் என்னும் மணற்பாங்கான காட்டில் ப்ளூபெர்ரிப் புதர்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் எது நல்லது என்பது அங்கேயே பழம் பறித்துப் பிழைத்த மக்களுக்குத் தெரியும். வைட் அவர்களிடம்தான் போனார். துளையிட்ட ஒரு சிறு அலுமினிய அளவுகோலைக் கொடுத்தார். துளையின் குறுக்களவு அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். அதற்குள் நுழையாத பெரிய பழம் எந்தப் புதரில் இருக்கிறதோ அதைக் காட்டினால் பணம். காட்டுக்குள் வழிகாட்டிய நேரத்துக்குத் தனிக் கூலி. வந்த புதர்களில் பெரும்பாலானவை கழிக்கப்பட்டன. மிஞ்சியவற்றுக்குக் கண்டெடுத்தவர் பெயரையே வைட் சூட்டினார். ரூப் லீக் என்பவர் காட்டியது ‘ரூபெல்’ ஆனது.

கூலிக்குத் தேடியவர்களுக்குக் கண்டுபிடிப்பில் என்ன பங்கு என்று கேட்கலாம். அளவுகோல் பருமனைத்தான் சொல்லும். பழம் ருசிக்குமா, எப்போது பழுக்கும், ஆண்டுதோறும் காய்க்குமா என்பதெல்லாம் ஒருநாள் காட்டுக்குள் போய்வருகிறவருக்குப் பிடிபடாது. பருவந்தோறும் அதே புதரிடம் திரும்பி வந்தவருக்கே தெரியும். இன்னொரு மறுப்பு வலுவானது. கோவ்வில் தம் முதல் தாய்ச்செடியான ‘புரூக்ஸை’ 1908ல் நியூ ஹாம்ப்ஷயரில் தாமே தேர்ந்தெடுத்தார். இவர்கள் இல்லாமலும் வேலை நடந்திருக்கலாமே? தொடங்கியிருக்கலாம் என்பது உண்மை. ஆனால் இந்தச் செடி தன் மகரந்தத்தால் சரிவரக் காய்க்காது, அதற்குத் துணை வேண்டும் என்று காட்டியவரே கோவ்வில்தான். 1920ல் வெளிவந்த ‘பயனியர்’ ரகத்தில் புரூக்ஸோடு சேர்ந்தது நியூ ஜெர்சிக் காட்டின் ‘சூயி’. 1928ன் ‘ஜெர்சி’யோ முழுக்க முழுக்க அந்தக் காட்டின் வாரிசு: ரூபெலுக்கும் குரோவருக்கும் பிறந்தது. 1952ல் வந்து உலகெங்கும் பரவிய ‘புளூகிராப்’பின் முன்னோர் வரிசையில் பயனியரும் ஜெர்சியும் இருக்கின்றன. வம்சாவளியே சாட்சி சொல்லும்போது இவர்களை ஏவலாட்கள் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

வைட் பெயர் சூட்டினாரே, அந்த மரியாதை போதாதா? அதே ஆண்டுகளில் அவர்களைப் பற்றி வெளியே என்ன பேசப்பட்டது என்று பார்த்தால் போதாது என்பது விளங்கும். 1912ல் உளவியலாளர் ஹென்றி காடர்ட் வெளியிட்ட ‘காலிகாக் குடும்பம்’ என்ற நூல் மூளைக்குறைவு பரம்பரையாக வரும் என்று வாதிட்டது. அவருடைய களப்பணியாளர் எலிசபெத் கைட் 1913ல் இந்தக் காட்டுமக்களைப் பற்றி எழுதியது பெரும் பரபரப்பானது. மாநில ஆளுநரே இவர்களைப் பிறரிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்றார். வைட் இவர்களுக்காகப் பகிரங்கமாகப் பரிந்து பேசினார். காடர்டின் வாதம் பின்னாளில் தவறென்று தள்ளப்பட்டது. ஆனாலும் ‘பைனி’ என்ற வசைப்பெயர் பல தலைமுறைக்கு ஒட்டிக்கொண்டது. மந்தபுத்தி என்று முத்திரை குத்தப்பட்ட அதே மனிதர்கள், அதே காட்டில், ஒரு புதிய பயிரின் தாய்ச்செடிகளைத் தேர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரூப் லீக் காட்டிய காட்டுப்புதரின் பதியன்களான ரூபெல் செடிகள் இன்றும் நடப்படுகின்றன.