சுண்ணாம்பை மறந்த மக்காச்சோளம்

மெக்சிகோ மக்கள் விரும்பி உண்ணும் உணவுகளுள் ஒன்று 'என்சிலாடா'. மக்காச்சோள மாவைத் தட்டிச் சுட்ட 'டோர்ட்டியா' என்னும் மெல்லிய ரொட்டியை மிளகாய்ச் சாற்றில் தோய்த்து, உள்ளே ஏதேனும் வைத்துச் சுருட்டினால் என்சிலாடா. 'மிளகாய் இட்டது' என்பதே பெயரின் பொருள். இன்று இறைச்சியும் பாலாடைக்கட்டியும் வைக்கிறார்கள். மாடும் பன்றியும் பாலாடைக்கட்டியும் ஸ்பானியர் கொண்டு சென்றவை. ராஜ்மா எனப்படும் சிவப்பு பீன்ஸ், தக்காளி, வெண்ணெய்ப் பழம் ஆகியவற்றை வைத்துச் செய்யும் மரக்கறி என்சிலாடாவிலோ எல்லாப் பொருள்களும் அமெரிக்க மண்ணுக்கே உரியவை. தக்காளியும் மிளகாயும்கூடத் தாவரவியல்படி பழங்களே!

இவற்றுள் நம் கவனத்திற்கு உரியது ரொட்டிதான். மக்காச்சோளத்தை மெக்சிகோ மக்கள் அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, காலையில் கழுவித் தோல் நீக்கி, நம் அம்மியைப் போன்ற கல்லில் அரைப்பார்கள். இம்முறை ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. சுண்ணாம்பு ஒரு காரம் (மிளகாயின் காரமன்று, வேதியியல் காரம்). அது தானியத் தோலைப் பிணைத்திருக்கும் பொருளைக் கரைக்கிறது. அதனால் மாவு ஒட்டிப் பிசைய வருகிறது. அது செய்யும் மற்றொரு வேலை கண்ணுக்குத் தெரியாதது. மக்காச்சோளத்தில் நிக்கோட்டினிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்து, நம் குடல் உறிஞ்ச முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. காரம் அக்கட்டை அவிழ்த்துவிடுகிறது.

1492-க்குப் பின் மக்காச்சோளம் ஐரோப்பா சென்றது. சுண்ணாம்பு செல்லவில்லை. அரைப்பதற்கு நீர்விசை ஆலைகள் இருக்கும்போது, தோலுரிக்கும் அந்தத் தொல்லை எதற்கு என்று எண்ணியிருப்பார்கள் போலும். 1735-இல் ஸ்பெயினில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர், மக்காச்சோளத்தையே பெரிதும் உண்ட ஏழை உழவர்களிடம் ஒரு புது நோயைக் கண்டார். தோல் சிவந்து வெடிக்கும், வயிறு கழியும், புத்தி பேதலிக்கும், முடிவில் மரணம். இத்தாலியில் இதற்குப் 'பெல்லாக்ரா' என்று பெயரிட்டனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. தொற்றுநோய் என்றே பலரும் நம்பினர். 1914-இல் விசாரிக்கச் சென்ற ஜோசப் கோல்ட்பெர்கர், அநாதை இல்லங்களில் பிள்ளைகளுக்கு வந்த நோய் ஊழியர்களுக்கு வராததைக் கவனித்தார். கிருமி இப்படி ஆள் பார்த்துப் பற்றுமா? பிள்ளைகளுக்குப் பால், முட்டை, இறைச்சியோடு பயறு வகைகளும் கொடுக்கச் செய்தார், நோய் மறைந்தது. 1915-இல் மிசிசிப்பி சிறையில், விடுதலை தருவதாக வாக்களிக்கப்பட்ட கைதிகள் 11 பேருக்கு மக்காச்சோளம் மிகுந்த உணவே தரப்பட்டது. 6 பேருக்கு நோய் கண்டது. (இன்று எந்த நெறிக்குழுவும் இதற்கு இசையாது.) அப்போதும் நம்பாதவர்களுக்காக, நோயாளியின் இரத்தத்தைத் தம் உடலிலும் மனைவியின் உடலிலும் ஏற்றிக்கொண்டார். இருவருக்கும் நோய் வரவில்லை. 1929-இல் அவர் மறைந்தார். குறைபட்ட பொருள் நிக்கோட்டினிக் அமிலமே என்று கான்ராட் எல்வெஜெம் கண்டது 1937-இல்தான்.

சுண்ணாம்போடு பீன்ஸும் மெக்சிகோ மக்களைக் காத்தது. மக்காச்சோளத்தில் குறைவாக உள்ள டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தைப் பீன்ஸ் தருகிறது. அதன் 60 மில்லிகிராமிலிருந்து உடல் 1 மில்லிகிராம் நிக்கோட்டினிக் அமிலத்தை ஆக்கிக்கொள்ளும்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர் 1 கிலோ உலர்ந்த மக்காச்சோளத்திற்குச் சுமார் 10 கிராம், வெற்றிலைக்குப் பூசுவது போன்ற நீற்றிய சுண்ணாம்பு எடுத்துக்கொள்ளலாம். நறுமணம் சேர்த்த சுண்ணாம்பு வேண்டாம். கிளிஞ்சல் சுட்ட நீறாத சுண்ணாம்பு கூடவே கூடாது, அது கையைப் பொசுக்கிவிடும். ஊறிய மணிகளை நீர் தெளியும் வரை பலமுறை கழுவியபின் அரைக்கவும்.