பெட்ரோலா டீசலா? லேண்ட் ரோவர் சொல்லும் கதை

பி.காம் படிக்கிறவனுக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள் நண்பர்களே :-) காஸ்டிங் வகுப்பில் பிரேக் ஈவன் கணக்குப் போடும்போது வந்த சந்தேகம்தான் இது. டீசல் வண்டிக்கு விலை அதிகம், ஓட்டுகிற செலவு குறைவு. அப்படியானால் ரோடே இல்லாத இடங்களுக்கு நெடும்பயணம் போனவர்கள் எதை எடுத்தார்கள்? ஏன்?

முதலில் வித்தியாசத்தைப் பார்த்துவிடுவோம். பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கும். டீசலில் அது கிடையாது. காற்றை அழுத்துகிற அழுத்தத்திலேயே சூடேறி எரிபொருள் பற்றிக்கொள்ளும். அந்த அழுத்தத்தைத் தாங்க இன்ஜின் கனமாக இருக்கவேண்டும். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியில் ஓட்டிக் காட்டியது இதைத்தான்.

இரண்டாம் உலகப்போரின் ஜீப் பெட்ரோல் வண்டி. அந்த ஜீப்பைப் பார்த்துத்தான் பிரிட்டனின் ரோவர் கம்பெனி லேண்ட் ரோவரை உருவாக்கி, 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வைத்தது. அதுவும் 1.6 லிட்டர் பெட்ரோல்தான். 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பி, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். சுமார் 18,000 மைல், அதாவது 29,000 கி.மீ. நம் வயசுப் பசங்க! அவர்களுடையதும் பெட்ரோல் வண்டிகளே. அவர்கள் டீசலை வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. லேண்ட் ரோவரில் அப்போது டீசலே கிடையாது.

1957-ல்தான் 2 லிட்டர் டீசல் வந்தது. அந்த இன்ஜினுக்கு இடம் வேண்டி 86 அங்குல வீல்பேஸை 88 அங்குலமாக நீட்டினார்கள். பிரிட்டனில் டிராக்டர்கள் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. விவசாயி டிராக்டருக்கு வாங்கி வைத்த டீசலையே வண்டிக்கும் ஊற்றலாம்.

இப்போது என் கணக்குக்கு வருவோம். டீசல் வண்டி ஒரு லட்சம் ரூபாய் கூடுதல், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் மிச்சம் என்று சும்மா வைத்துக்கொள்வோம். போட்ட பணம் திரும்ப 50,000 கி.மீ. ஓடவேண்டும். லண்டன் டு சிங்கப்பூர் போனாலும் கட்டாது! பிறகு ஏன் பயணிகள் டீசல் பக்கம் போனார்கள்?

விடை பணத்தில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. ஒரே அளவு டேங்கில் டீசல் வண்டி அதிக தூரம் போகும். அடுத்த பங்க் 600 கி.மீ. தள்ளி இருக்கும் பாலைவனத்தில் அதுதான் உயிர். கேனில் எடுத்துப் போகும்போது பெட்ரோல் அளவுக்குத் தீப்பிடிக்கும் பயமும் இல்லை. ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் பட்டு ஸ்பார்க் நின்றுபோகும் தொல்லையும் இல்லை. "நடுவழியில் நிற்பது" என்ற செலவுக்கு காஸ்டிங் புத்தகத்தில் காலமே கிடையாதே!

பெட்ரோல் மட்டம் என்று நினைக்கவேண்டாம். இன்ஜின் எடை குறைவு, கடுங்குளிரில் டீசல் மாதிரி உறைந்து அடைக்காது. வேகத்திலும் பெட்ரோல்தான் ராஜா. 1979-ல் முதல் பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் கார்களில் முதலில் வந்தது பெட்ரோல் ரேஞ்ச் ரோவர். அந்தப் பந்தயத்தில் ஒரு டீசல் கார் முதலிடம் பிடிக்க 30 வருடம் ஆனது. 2009-ல் ஃபோக்ஸ்வாகன் டூவாரெக் ஜெயித்தது. அந்த வருடம் பந்தயம் நடந்தது ஆப்பிரிக்காவில் அல்ல, அர்ஜென்டினாவிலும் சிலியிலும்.

இதில் ஒரு திருப்பம் உண்டு. பழைய டீசல் இன்ஜின் சுமாரான டீசலையும் சகித்துக்கொண்டு ஓடியது. இன்றைய டீசலில் நுணுக்கமான இன்ஜெக்டர், புகை வடிகட்டி எல்லாம் இருப்பதால் கந்தகம் குறைந்த, சுத்தமான எரிபொருள் வேண்டும். எந்தக் குக்கிராமத்துக்குப் போக டீசலை நம்பினார்களோ, அங்கே கிடைக்கும் டீசலே இப்போது வண்டியைப் படுக்கவைக்கலாம்.

ஆகவே "எந்த இன்ஜின் நல்லது?" என்று கேட்பதைவிட, "போகிற வழியில் எந்த எரிபொருள் கிடைக்கும், அது எவ்வளவு சுத்தம்?" என்று கேட்பதே சரி. அந்த ஆறு மாணவர்கள் இருந்த வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நீங்கள் போவதாக இருந்தால் எதை எடுப்பீர்கள்?