உறங்கும் பொறியும் இராக்காவலும்

பத்துப்பாட்டைப் பயிற்றும் ஆசிரியர்கள் இரவுக் காவலைப் பற்றிய இரண்டு காட்சிகளை மறந்திரார். ஒன்று, நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் வருவது. பாசறையிலே நீர்க்கடிகையைக் கொண்டு பொழுதளந்து அரசனுக்கு அறிவிக்கும் நாழிகைக் கணக்கரை அங்கே காண்கிறோம். மற்றொன்று, மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் வருவது. மழை பொழியும் நள்ளிரவிலும் சோர்வின்றித் தெருக்களைச் சுற்றிவரும் ஊர்காப்பாளரை அங்கே காண்கிறோம். இவ்விருவகையாரும் விழித்திருக்கும்வரை ஊர் அஞ்சாது உறங்கலாம். ஆனால், அவருள் ஒருவர் கண்ணயர்ந்தால் அதனை அறிபவர் யார்? உறங்குகின்றவன் தன் உறக்கத்தைத் தானே வந்து சொல்லமாட்டான்.

மிக எளிய இவ்வினா, காவலரைக் கடந்து தொழிலாளர்க்கும், தொழிலாளரைக் கடந்து பொறிகளுக்கும் உரியதாயிற்று. இன்று ஜொகூர் மாநிலத்துக் கடைவீடுகளில் ஆளின்றி ஓடும் கணிப்பொறிகள் வரையில் அது வந்து நிற்கிறது. அவ்வினாவுக்கு மக்கள் கண்ட விடைகளின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

பெரட்டும் பால் நிறுவையும்

ஜொகூரின் பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு இவ்வினா புதியதன்று. விடியுமுன் பெரட்டு நடக்கும். கிராணியார் பெயர்களை அழைத்து வந்தவர்களைக் குறித்துக்கொள்வார். பெரட்டு, வருகையை மட்டுமே காட்டும். வந்தவர் மரம் சீவினாரா என்பதை அது காட்டாது. அதனைக் காட்டுவது நண்பகலுக்கு முன் நடக்கும் பால் நிறுவை. மங்கிலிருந்து வாளிக்கு வந்த பாலை நிறுத்த பின்னரே அன்றைய உழைப்பு கணக்கில் ஏறும். நிறையையும் நீர் கலந்து ஏமாற்றலாம் என்று கண்டபோது, பாலின் திண்மையை அளக்கும் மெட்ரோலாக் என்னும் கருவியைத் தோட்டங்களில் கொண்டுவந்தனர்.

ஆகவே சோதனையில் மூன்று படிகள் உள. ‘ஆள் உண்டா?’ என்பது முதற்படி. ‘வேலை உண்டா?’ என்பது இரண்டாம் படி. ‘வேலை மெய்யானதா?’ என்பது மூன்றாம் படி. இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

காவலாளியின் கடிகாரம்

இங்கிலாந்தில் டெர்பி நகரத்துக் கடிகாரத் தொழிலாளர் ஜான் வைட்ஹர்ஸ்ட் (1713–1788) என்பார், இரவுக் காவலாளியைச் சோதிக்கும் கடிகாரங்களைச் செய்தார். காவலாளி குறித்த வேளையில் குறித்த இடத்துக்கு வந்து கடிகாரத்தில் ஓர் அடையாளம் பதிக்கவேண்டும். உறங்கிவிட்டால் அந்த அடையாளம் இராது. மறுநாட்காலை முதலாளி பார்ப்பது, இருக்கவேண்டிய குறி இல்லாமையையே. இல்லாமையைச் சான்றாகக் கொள்ளும் இம்முறை மிக நுட்பமானது. காவலாளி எதையும் ஒப்புக்கொள்ள வேண்டுவதில்லை. அவன் வாராமையே பேசும்.

ஆயினும் ஒரு குறை இருந்தது. அக்கடிகாரம் உறக்கத்தை மறுநாள்தான் காட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சார இரயில்களை ஒரே ஆள் ஓட்டத் தொடங்கியபோது, மறுநாள்வரை காத்திருக்க இயலாது என்பது தெளிவாயிற்று. எனவே ஓட்டுநர் இடைவிடாது பிடித்திருக்கவேண்டிய கைப்பிடி ஒன்றை அமைத்தனர். அவர் மயங்கிக் கைதளர்ந்தால் விசை அறுந்து தடை தானே விழும். குறி இல்லாமையைக் கண்டவுடன் செயற்படும் காவல் இங்ஙனம் பிறந்தது.

திங்களுக்குச் சென்ற இராக்காவலன்

கணிப்பொறிகள் தோன்றியபின் இவ்வழி அவற்றினுள்ளும் புகுந்தது. மனிதரைத் திங்களுக்குக் கொண்டுசென்ற அப்போலோ ஓடத்தின் கணிப்பொறியில் ஒரு சிறு மின்சுற்று இருந்தது. அதற்குப் பொறியாளர்கள் இட்ட பெயர் ‘இராக்காவலன்’ என்பதே. கணிப்பொறியின் நிரல், குறித்த ஓர் இடத்தை ஓரிரு வினாடிகளுக்கு ஒருமுறை தொட்டுச் செல்லவேண்டும். தொடத் தவறினால், நிரல் எங்கோ சுழன்று சிக்கிக்கொண்டது என்று கொண்டு இராக்காவலன் பொறியை மீண்டும் தொடங்கிவிடும். 1969 ஜூலை 20 அன்று இறங்குகையில் ஒலித்த புகழ்பெற்ற எச்சரிக்கைகள் இச்சுற்றினால் எழுந்தவையல்ல; அவை பணி மிகுதியால் எழுந்தவை. எனினும், மீண்டும் தொடங்கி இன்றியமையாத பணிகளை மட்டும் தொடரும் முறையே அன்றும் துணைநின்றது.

இக்காவலைப் புறக்கணித்தவர் பட்ட இழப்பும் வரலாற்றில் உண்டு. 1994இல் திங்களைப் படமெடுத்த கிளமெண்டைன் ஓடம், அடுத்து ஜியோகிராபோஸ் என்னும் குறுங்கோளுக்குச் செல்லவேண்டியிருந்தது. அவ்வாண்டு மே 7ஆம் நாள் அதன் கணிப்பொறி நிலைகுலைந்தது. உந்திகள் ஓயாது எரிந்து எரிபொருளைத் தீர்த்தன; ஓடம் பம்பரம்போற் சுழன்றது; குறுங்கோட் பயணம் கைவிடப்பட்டது. அதனுள் காவற்சுற்று ஒன்று இருந்தது; ஆனால் அதனைப் பயன்படுத்தவில்லை. காவலாளியை அமர்த்திவிட்டு விளக்கைக் கொடாத கதை அது.

காவல் சரியாக நடந்தும் ஐயம் தோன்றிய இடம் செவ்வாய். 1997 ஜூலை 4 அன்று அங்கே இறங்கிய பாத்ஃபைண்டர், சில நாட்களில் அடிக்கடி தானே மீண்டும் தொடங்கலாயிற்று. வானிலைத் தரவு திரட்டும் சிறு பணி ஒன்று, பெரும்பணி ஒன்றுக்கு வேண்டிய பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. பெரும்பணி நேரத்தில் முடியாமையைக் கண்ட காவல் நிரல் பொறியை எழுப்பிவந்தது. ஓடம் பிழைத்தது, ஆயினும் ஒவ்வொரு முறையும் அன்றைய எஞ்சிய வேலை போயிற்று. புவியிலிருந்த பொறியாளர்கள் அதே நிலையை இங்கே உண்டாக்கிப் பார்த்து, காரணத்தைக் கண்டு, திருத்தத்தை அனுப்பியபின்னரே நோய் தீர்ந்தது. எழுப்புதல் மருந்தன்று, முதலுதவியே என்பதனை இந்நிகழ்ச்சி உணர்த்தும்.

கடைவீட்டுப் பொறிகள்

இனி ஜொகூருக்கு வருவோம். 2009 ஜனவரியில் பிட்காயின் என்னும் கணிப்பொறி நாணயம் தோன்றியது. கணக்கற்ற எண்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்து, நிபந்தனைக்குப் பொருந்தும் எண்ணை முதலில் கண்டவர்க்குப் புது நாணயம் பரிசாகும். இத்தொழிலை ‘அகழ்தல்’ என்பர். 2015 ஜூலையில் தொடங்கிய எத்திரியத்தை, படங்காட்டும் அட்டைகள் ஐந்தாறு பூட்டிய கணிப்பொறிகளைக் கொண்டே அகழலாம் என்று ஆனபின், வீட்டு அறைகளிலும் கடைவீட்டு மாடிகளிலும் இவை ஓடத் தொடங்கின.

இப்பொறிகள் இரவுபகலாக முழுவிசையில் இயங்குவன. நம் நாட்டு வெப்பத்தில் அட்டைகளைத் தாங்கும் அளவுக்குமேல் விரட்டினால், நினைவகப் பிழை நேர்ந்து பொறி உறைந்துவிடும். விசிறி சுழலும்; விளக்கு எரியும்; வேலை மட்டும் நடவாது. ஆயிரம் வாட் மின்சாரத்தை உண்டுகொண்டே பொறி உறங்கும். அதை எழுப்ப ஒருவர் எத்தனை முறை மாடியேறுவது?

இதற்குக் கைகொடுத்தது, எபன் அப்டன் என்பாரின் முயற்சியால் 2012 பிப்ரவரி 29 அன்று கேம்பிரிட்ஜிலிருந்து வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் ஒற்றைப்பலகைக் கணிப்பொறி. மாணவர்க்கு நிரலெழுதக் கற்பிக்கச் செய்த இதன் விலை, வெளிவந்தபோது 35 அமெரிக்க டாலராக இருந்தது; உள்ளங்கையில் அடங்கும்; சில வாட் மின்சாரமே உண்ணும்.

அமைப்பு எளிது. சிறுபலகை, நிமிடத்துக்கு ஒருமுறை வலையமைப்பின் வழியே பெரும்பொறியை அழைக்கிறது, இது பெரட்டு. அடுத்து, அகழும் நிரலிடம் அதன் வேகத்தைக் கேட்கிறது. இது பால் நிறுவை. உறைந்த அட்டையை உடைய பொறி, அழைப்புக்கு மட்டும் மறுமொழி தருவதுண்டு. ஆதலால் இரண்டும் வேண்டும். நாணயக் கூட்டமைப்பின் கணக்கில் வேலை ஏற்கப்பட்டதா என்று பார்ப்பது மெட்ரோலாக்குக்கு ஒப்பாகும். தொடர்ந்து சில முறை விடை வாராவிட்டால், பொறியின் தொடக்கப் பொத்தானோடு இணைத்த ரிலே என்னும் மின்விசைத் திறப்பைச் சிறுபலகை இயக்கும். ஐந்தாறு வினாடி அழுத்தினால் பொறி அணையும். சற்றுப் பொறுத்து ஒருமுறை தொட்டால் மீண்டும் எழும்.

இதிலே கருதவேண்டியவை மூன்று. வலையமைப்புப் பெட்டியே பழுதானால் எல்லாப் பொறிகளும் உறங்குவனபோலத் தோன்றும். எனவே முதலில் அப்பெட்டியை அழைத்துப் பார்த்தல் வேண்டும். எத்தனை முறை எழுப்பலாம் என்பதற்கு வரம்பு வைத்து, ஒவ்வொன்றையும் நேரத்தோடு பதிதல் வேண்டும். பாத்ஃபைண்டர் கற்பித்த பாடம் இதுவே. மூன்றாவது, சிறுபலகை உறங்கினால் என் செய்வது? அதன் சில்லுக்குள்ளேயே பதினைந்து வினாடி அளவில் விடையை எதிர்பார்க்கும் காவற்சுற்று ஒன்று உண்டு. அது எதையும் கணக்கிடாது. எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வரும், அவ்வளவே. அறிவு குறையக் குறையக் காவலின் உறுதி கூடும் என்பது இங்கு விளங்கும். எளியதே வலியதைக் காக்கிறது.

மின்னளவியின் கண்ணை மறைத்தோர்

இவ்வரலாற்றில் ஒரு கசப்பான பகுதியும் உண்டு. கட்டணம் செலுத்தி அகழ்ந்தோர் இருக்க, மின்சாரத்தைத் திருடி அகழ்ந்தோரும் பலர். 1990ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டப்படி இது குற்றம். 2021 ஜூலையில் சரவாக்கின் மிரி நகரில் காவல்துறையினர் கைப்பற்றிய 1,069 பொறிகளைச் சாலை உருளை கொண்டு நசுக்கினர். 2018 முதல் 2023 வரை இத்திருட்டால் தெனாகா நேஷனலுக்கு நேர்ந்த இழப்பு 340 கோடி ரிங்கிட் என்று 2024இல் அறிவித்தவர், அப்போது எரிசக்தித் துணையமைச்சராக இருந்த ஜொகூர் பாரு நாடாளுமன்ற உறுப்பினர் அக்மால் நசீர்.

திருடர்கள் செய்ததைக் கூர்ந்து நோக்குக. மின்கம்பியை மின்னளவிக்கு முன்பே கிளைபிரித்துக் கொண்டனர். தம் பொறி உறங்காதிருக்க ஒரு காவலனை வைத்தவர்கள், நாட்டின் காவலனாகிய மின்னளவியை உறங்கச் செய்தனர். அளவி தன் மயக்கத்தைத் தானே சொல்லாது. ஆகவே இங்கும் விடை வெளியிலிருந்தே வந்தது: வட்டாரத் துணைமின்நிலையத்திலிருந்து புறப்பட்ட மின்சாரத்தை, வீடுதோறும் பதிவான மின்சாரத்தின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டால் இடையில் மறைந்தது புலப்படும். தோட்டத்துப் பால் நிறுவையின் அறிவே இது.

2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் அகழும் முறையையே கைவிட்டது. அட்டைப் பொறிகளுட் பல அதனோடு ஓய்ந்தன. ஆனால் காவல் ஓயவில்லை. கூலாயில் 1,640 ஏக்கர் அளவில் செம்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தில், ஒய்.டி.எல். நிறுவனத்தின் தரவு மையங்கள் எழுந்துவருகின்றன. அத்தகைய மையங்களில் பெருங்கணிப்பொறி ஒவ்வொன்றினுள்ளும், அது உறைந்தால் தொலைவிலிருந்தே எழுப்புதற்குத் தனியே ஒரு சிறு கணிப்பொறி விழித்திருக்கிறது. முன்பு பெரட்டு நடந்த மாநிலத்தில் இன்று பொறிகளுக்குப் பெரட்டு நடக்கிறது.

ஆசிரியப் பெருமக்கள் இதனை வகுப்பறையில் எடுத்துரைக்கலாம். காவல் புறத்தே நிற்கவேண்டும். காக்கப்படுவதினும் எளிதாக இருக்கவேண்டும். வருகையோடு அமையாது விளைவையும் பார்க்கவேண்டும். இம்மூன்றும் இருந்தால் 35 டாலர்ப் பலகையும் நல்ல காவலனே. ஆனால், ‘வேலை நடக்கிறதா?’ என்று மட்டுமே அது கேட்கும். திருடிய மின்சாரத்தில் ஓடும் பொறியையும் அது அதே கடமையோடு எழுப்பும். அவ்வேலை யார் பொருளில், யார் நன்மைக்காக நடக்கிறது என்று கேட்கும் காவல் இன்னும் நம்மிடமே இருக்கிறது. அதில் நாம் கண்ணயர்தல் தகாது.