பட்டா இருக்கு, நிலம் இல்லை

சைப்ரஸ் தீவின் வடகரையில் உள்ள கிரேனியாவில் தித்தினா லொய்சிடு என்ற பெண்ணுக்குச் சில மனைகள் இருந்தன. ஒன்றில் அடுக்குமாடி கட்டும் வேலை தொடங்கியிருந்தது. அதில் ஒரு வீடு அவர் குடும்பத்துக்கு. கட்டுமானத் துறையில் இருக்கும் எனக்கு இந்த வழக்கில் முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

1974 ஜூலையில், கிரீஸின் ராணுவ ஆட்சி தூண்டிவிட்ட கவிழ்ப்பு நடந்து ஐந்தே நாளில், துருக்கிப் படை வந்திறங்கியது. தீவு இரண்டானது. வடக்கே இருந்த கிரேக்க சைப்ரியர்கள் தெற்கே ஓடினார்கள். தெற்கே இருந்த துருக்கிய சைப்ரியர்கள் வடக்கே போனார்கள். ஒருவர் விட்டுப்போன வீட்டில் இன்னொருவர் அடுப்பு மூட்டினார்.

லொய்சிடு 1989-இல் துருக்கிக்கு எதிராக ஸ்ட்ராஸ்பர்க்கில் மனு கொடுத்தார். வடக்கு நிர்வாகம் தன் 1985 அரசியல் சட்டப்படி நிலத்தை எடுத்துக்கொண்டாச்சு, இனி அவர் உரிமையாளரே இல்லை என்பது துருக்கியின் வாதம். 1996-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உலகம் அங்கீகரிக்காத ஆட்சியின் சட்டத்தால் அவர் உரிமை அழியாது. அந்தப் பகுதி துருக்கிப் படையின் கட்டுப்பாட்டில் இருப்பதால் துருக்கிதான் பொறுப்பு என்றது. 1998-இல் 300,000 சைப்ரஸ் பவுண்டும், மனவேதனைக்குத் தனியாக 20,000 பவுண்டும் தரச் சொன்னது. துருக்கி கட்டியது 2003-இல்.

சரி, ஜெயிச்சாச்சு. நிலம் கிடைத்ததா? இல்லை. அந்த 300,000 நிலத்தின் விலைகூட அல்ல. நிலத்தைப் பயன்படுத்த முடியாமல்போன ஆண்டுகளுக்கான ஈடு.

இதேபோன்ற மனுக்கள் குவியவே, வடக்கில் அசையாச் சொத்து ஆணையம் ஒன்று 2006-இல் இயங்கத் தொடங்கியது. சொத்தைத் திருப்பித் தரலாம், மாற்றுச் சொத்து தரலாம், பணம் தரலாம். 2010-இல் டெமோபௌலோஸ் வழக்கில் அதே ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம், முதலில் அந்த ஆணையத்திடம் போங்கள் என்றது. சுமார் 35 ஆண்டுகள் ஓடிவிட்டன, இப்போது குடியிருப்பவர்களை எல்லாம் கிளப்பச் சொல்ல முடியாது என்று காரணமும் சொன்னது.

இதை அநியாயம் என்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை யாரையும் துரத்தவில்லை. ஆனால் உரிமையாளரின் பக்கம் நின்று பாருங்கள். தன் நாடு அங்கீகரிக்காத நிர்வாகத்தின் வாசலில் அவர் போய் நிற்க வேண்டும். பணம் வேண்டுமென்றால், 1996-இல் அழியாது என்று சொல்லப்பட்ட அந்த உரிமையை அவரே எழுதிக்கொடுக்க வேண்டும். காலம் இழுக்க இழுக்க லாபம் நிலத்தைப் பிடித்தவருக்குத்தான். அடுத்து நிலம் பிடிக்கக் காத்திருப்பவர்களும் இந்தக் கணக்கைப் படித்திருப்பார்கள்.