எண்ணும் மரமும்

மரத்தைத் தானே செதுக்கும் கம்ப்யூட்டர் யந்திரம் ஒன்றை வீட்டுப் பட்டறையில் நிறுத்திவிட வேண்டுமென்று ஆசைப்படுகிறவர், விலைப்பட்டியலைப் புரட்டுவதற்கு முன்னால் அதன் பூர்வோத்தரத்தைச் சற்றே விசாரித்தறிவாரானால், அந்த யந்திரத்தில் எந்தப் பாகம் பணத்துக்குரியது, எந்தப் பாகம் ஏறக்குறைய இலவசமாகவே வந்து சேர்வது என்கிற விவேகம் அவருக்குத் தானாகவே உண்டாகிவிடும்.

அந்தக் கதை துப்பாக்கியில் தொடங்குகிறது. துப்பாக்கியின் மரக்கட்டை உருண்டையுமன்று, பட்டையுமன்று. சாதாரணக் கடைசலிலோ உருண்டையான பொருள்தான் பிறக்கும். ஆகவே உளியும் அரமும் பிடித்த கைகளே நெடுங்காலம் அதை உருவாக்கி வந்தன. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த தாமஸ் பிளான்சார்ட் என்பவர், முன்மாதிரிக் கட்டை ஒன்றையும் வெட்ட வேண்டிய கட்டையையும் ஒரே கதியில் சுழலவிட்டு, மாதிரியின்மேல் தடவிச் செல்லும் சக்கரத்தின் ஏற்ற இறக்கமெல்லாம் வெட்டும் சக்கரத்துக்கு அப்படியே போய்ச் சேருமாறு ஒரு யந்திரம் அமைத்து, 1819-ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். ஸ்பிரிங்பீல்டு ஆயுதசாலையில் துப்பாக்கிக் கட்டை செதுக்கப் புறப்பட்ட அந்த உபாயம், பிற்பாடு கோடரிக் காம்பும் பாதரட்சை தைப்பதற்கான அச்சுக்கட்டையும் செய்யப் பயன்பட்டது. அந்த யந்திரத்துக்கு ஞாபகம் என்று ஒன்று இருந்ததென்றால், அது மாதிரிக் கட்டைதான். வேறு உருவம் வேண்டுமானால் வேறு மாதிரியை முதலில் ஒரு தச்சன் கையால் செதுக்கித் தந்தாக வேண்டும்.

மாதிரியின் ஸ்தானத்தில் எண் வந்து அமர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, மிஷிகன் மாகாணத்து டிராவர்ஸ் நகரில் ஜான் பார்சன்ஸ் என்பவர் சிகோர்ஸ்கி கம்பெனியின் ஹெலிகாப்டருக்குச் சுழல் இறக்கைகள் செய்து வந்தார். இறக்கையின் வளைவைக் குறிக்க 17 புள்ளிகளே அவருக்குக் கொடுக்கப்பட்டன. இடைப்பட்ட வளைவைக் கையால் வரைந்து நிரப்பி, மர அச்சு கட்டி, அதற்குள் மரத்துண்டுகளை அழுத்தி வளைக்க வேண்டியிருந்தது. பிராங்க் ஸ்டூலன் என்ற பொறியாளர் வந்து சேர்ந்த பிறகு, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு கணக்கிடும் ஐ.பி.எம். யந்திரம் அந்தப் பதினேழை இருநூறாகப் பெருக்கித் தந்தது. ஒவ்வோர் எண்ணையும் வாசிக்கக் கேட்டு, ஆட்கள் வெட்டும் யந்திரத்தின் கைப்பிடியைத் திருப்பினார்கள். அந்த ஆட்களுக்குப் பதிலாக எண்ணே கைப்பிடியைத் திருப்பட்டுமே என்பதுதான் பார்சன்ஸின் யோசனை. 1949-இல் விமானப்படையின் ஒப்பந்தம் கிடைத்தது. வேலையில் ஒரு பகுதி மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குப் போயிற்று. பிறகு யோசனைக்காரரை வெளியில் நிறுத்திவிட்டு வேலை நடந்தது. (கண்டுபிடித்தவருக்கு இது புதிய அனுபவமன்று.) 1952-இல் அங்கே காட்டப்பட்ட யந்திரம், ஏழு வரிசையாகத் துளையிட்ட காகித நாடாவை வாசித்து உலோகத்தை வெட்டியது. அதன் மூளைக்கு மட்டும் 292 வெற்றிடக் குழாய் வால்வுகள் தேவைப்பட்டன.

மரத்தை வளைக்கும் சங்கடத்தில் பிறந்த வித்தை இப்படி உலோகத்துக்குப் போய்விட்டது. அது எளியவருடைய பட்டறை மரத்துக்குத் திரும்பி வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. வட கரோலினாவில் டியூக் சர்வகலாசாலையில் நரம்பியல் போதித்த டெட் ஹால், ஒட்டுப்பலகையில் படகு கட்டும் ஆசையால் தமக்கென்று ஒரு வெட்டு யந்திரம் செய்து பார்த்தார். அதிலிருந்து 1996-இல் ஷாப்பாட் கம்பெனி எழுந்தது. 2009-இல் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் என்ற நார்வேக்காரர், உள்ளங்கையில் அடங்கும் ஆர்டுயினோ என்ற மின்னணுப் பலகையிலிருந்தே இத்தகைய யந்திரத்தை ஓட்டும் கிரிபிள் என்னும் நிரலை இலவசமாக வெளியிட்டார். அந்த 292 வால்வுகளின் காரியம் இன்று சில்லறைக் காசுக்கு நடக்கிறது.

ஆனால் இந்த மலிவில் ஒன்று கைவிடப்பட்டது. 1952-ஆம் ஆண்டு யந்திரம், தான் போய் நின்ற இடத்தைத் தானே அளந்து பார்த்துத் திருத்திக்கொண்டது. வீட்டு யந்திரங்களிற் பெரும்பாலானவை ஸ்டெப்பர் மோட்டாருக்கு இத்தனை அடி எடுத்து வை என்று கட்டளையிடுவதோடு சரி. வெட்டும் பிட் முரட்டு மரத்தில் கடித்து மோட்டார் இரண்டு அடி தவறினால், கட்டளையிட்ட மூளைக்கு அது தெரியாது. தப்பான இடத்திலேயே மிக நேர்த்தியாக வெட்டிக்கொண்டு போகும். ஆதலின் பணத்துக்குரியது மூளையன்று, உடலின் உறுதியே. திரையின் அழகையும் நிரலின் சாமர்த்தியத்தையும் எடுத்துரைக்கும் வியாபாரியிடம், பிட்டைச் சுமந்து செல்லும் குறுக்குச் சட்டத்தைக் கையால் பிடித்துத் தள்ளிப் பார்க்க அனுமதி கேட்பதுதான் என் அபிப்பிராயத்தில் முதற் பரீட்சை. அது வளைந்துகொடுத்தால் மற்றவற்றைக் கேட்க வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தை நகர்த்தும் விதத்தில், பெல்ட்டால் ஓடுவது விரைவானது, மலிவானது, ஆனால் நாளடைவில் நீளும். குண்டுகள் உருளும் திருகான பால் ஸ்க்ரூவில் ஆட்டம் குறைவு, விலை அதிகம்.

அளவு என்று வரும்போது, எட்டடிக்கு நாலடிப் பலகை முழுவதையும் ஏற்கும் மேஜை வேண்டுமென்றே எல்லாரும் தொடங்குகிறார்கள். அத்தனை பெரிய மேஜையைச் சுற்றி மனிதன் நடக்கவும், மரத்தூளை உறிஞ்சும் யந்திரம் நிற்கவும் இடம் விட்டு அளந்து பார்த்தால், கார்க் கொட்டகையிலிருந்து கார் வெளியே போய்விடுகிறது. பிறகு பாதி மேஜையை வாங்கி, பலகையின் ஒரு பாதியை வெட்டியபின் அதை நகர்த்தி, குறி பிசகாமல் மறு பாதியை வெட்டக் கற்றுக்கொள்கிறார்கள்.