தாய் சொன்ன தந்தை: லாரன்ஸின் 'சன்ஸ் அண்ட் லவர்ஸ்' பற்றி ஒரு விசாரணை

அம்பத்தூர், ஆவடி வட்டாரங்களில் ஆலைச் சம்பளத்தில் வளர்ந்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள், மூர் மார்க்கெட் 1985-ல் தீக்கிரையாகும்வரை அங்கிருந்த பழைய புத்தகக் கடைகளில் வாங்கி வாசித்த ஆங்கில நாவல்களுள், டி. எச். லாரன்ஸ் 1913-ல் வெளியிட்ட 'சன்ஸ் அண்ட் லவர்ஸ்' தனி விசாரணைக்கு உரியது. ஷிப்டு முடிந்து எண்ணெய்க் கறையோடு வீடு திரும்பும் தகப்பனாரைத் தினமும் கண்ட ஒருவர், சுரங்கத் தொழிலாளி மோரெலை விமர்சகர்கள் பார்க்கும் விதமாகப் பார்க்கவே முடியாது என்பது என் அபிப்பிராயம்.

தாய்க்கும் மகனுக்கும் இடையிலான அளவுகடந்த பாசமே இந்நாவலின் ஜீவன் என்று பிராய்டின் வழிநின்று கூறுவது சம்பிரதாயமாகிவிட்டது. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும், சுயசரிதத் தன்மையுடையது என்று யாவரும் ஒப்பும் இந்நூலின் ஆரம்பப் பகுதி, கதாநாயகனான பால் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தவற்றையே விவரிக்கிறது. குடித்துவிட்டு வந்த மோரெல், கருவுற்றிருக்கும் மனைவியை இரவில் வெளியே தள்ளிக் கதவைத் தாழிடும் காட்சியை, அவள் வயிற்றிலிருந்த மகன் கண்டிருக்க இயலாது. அது தாயின் வாய்மொழியாகவே அவனை அடைந்திருக்க வேண்டும். ஆகவே தந்தையின் மீது விதிக்கப்பட்ட தீர்ப்பு பெரிதும் கேள்விச் சாட்சியத்தின் மேல் நிற்கிறது.

மகன் கண்ணால் கண்டதோ வேறு. வெடி வைப்பதற்கான திரிகளை மோரெல் வீட்டில் உட்கார்ந்து தயாரிக்கிறான். கோதுமைத் தாள்களை அவன் துடைத்து ஆறங்குலத் துண்டுகளாக நறுக்கித் தர, சிறுவன் பால் கருமருந்தை உள்ளங்கையிலிருந்து அக்குழல்களுக்குள் சொரிந்து, கட்டைவிரல் நகத்தில் எடுத்த சோப்புத் துணுக்கால் வாயை அடைக்கிறான். பிறகு தந்தை, சுரங்கத்துக் குதிரை டாபியின் கதையைச் சொல்கிறான். இங்கே வெறுப்பின் சாயல்கூட இல்லை. கைத்தொழிலில் தேர்ந்த ஒருவன் தன் வித்தையைப் பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்ளும் நிறைவே இருக்கிறது.

பதிப்பாசிரியர் எட்வர்ட் கார்னெட் கையெழுத்துப் பிரதியில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கை நீக்கியே அச்சுக்குக் கொடுத்தார். கேம்பிரிட்ஜ் பதிப்பு 1992-ல் அதை மீட்டது. நீக்கப்பட்டவற்றுள் கணிசமான பகுதி மூத்த மகன் வில்லியத்தைப் பற்றியதாதலால், தந்தையின் வழக்கில் பழைய பிரதி வைத்திருப்பவருக்குப் பெரிய நஷ்டமில்லை. லாரன்ஸின் மற்றொரு நாவலான 'லேடி சாட்டர்லீஸ் லவர்' விற்ற பம்பாய் வியாபாரியின் தண்டனையை உச்ச நீதிமன்றம் 1964-ல் உறுதிசெய்ததிலிருந்து, லாரன்ஸ் என்றாலே ஆபாசம் என்று நம்மவர் பேசத் தொடங்கியதுதான் பெரிய நஷ்டம்.

பாலின் காதலி மிரியம் என்ற பாத்திரத்திற்கு மூலமான ஜெஸ்ஸி சேம்பர்ஸ், தம் தரப்பை 1935-ல் நூலாகவே வெளியிட்டார். மோரெலுக்கு மூலமான, நன்றாக எழுதப் படிக்கத் தெரியாத லாரன்ஸின் தந்தை ஆர்தருக்கு அந்த மார்க்கம் இல்லை. 1922-ல் கண்டியில் லாரன்ஸை விருந்தினராக ஏற்ற புரூஸ்டர் தம்பதியர், தந்தைக்கு இந்நாவலில் தாம் நியாயம் செய்யவில்லை என்று அவரே வருந்தியதைப் பின்னாளில் பதிவுசெய்தனர். ஆயினும் லாரன்ஸ் நாவலைத் திருத்தி எழுதவில்லை. ஆர்தர் 1924-ல் காலமானார்.