அண்ணாமலை நாட்டுச் சிற்றரசர்கள்: உடன்படிக்கையால் நடந்த ஆட்சி

செங்கம் ரிஷபேசுவரர் கோயிலில் மூன்றாம் குலோத்துங்க சோழன் (1178–1218) காலத்துக் கல்வெட்டுகள் சில உள்ளன. வழக்கமான கோயில் கல்வெட்டுகளைப் போல நந்தாவிளக்குக்கு ஆடு விட்டதையோ திருநந்தவனத்துக்கு நிலம் கொடுத்ததையோ அவை பேசவில்லை. செங்கேணி மரபுச் சம்புவராயர், தகடூர் அதிகமான் விடுகாதழகிய பெருமாள், கரிகாலசோழ ஆடையூர் நாடாள்வான் ஆகிய தலைவர்கள் தமக்குள் செய்துகொண்ட அரசியல் உடன்படிக்கைகளை அவை பதிவு செய்கின்றன. ஒருவருக்கொருவர் கேடு நினையாமை, ஒருவர் பகைவரை மற்றவர் சேர்த்துக்கொள்ளாமை என்பதே அக்காலத்தில் எழுந்த இவ்வகை ஆவணங்களின் சாரம். நீலகண்ட சாஸ்திரியின் வழியில் வந்த வரலாற்றெழுத்து இவற்றைச் சோழப் பேரரசின் தளர்ச்சிக்கு அறிகுறியாகக் கொண்டது. நடுவரசு நலிந்ததால் சிற்றரசர்கள் தங்களுக்குள் கூடிப் பேசத் தொடங்கினார்கள் என்பது அதன் பொருள். இந்த வாசிப்பு தலைகீழானது என்பதே என் வாதம். அண்ணாமலை நாட்டில் மாகாண ஆட்சி என்பதே அக்கம்பக்கத்துத் தலைவர்களின் உடன்பாடுதான். பேரரசன் அதற்கு மேலே வந்து அமர்ந்தவன்.

இடத்தின் அமைப்பை முதலில் சொல்ல வேண்டும். இன்று திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டி மேற்கே செல்லும் செங்கம் சாலை, கணவாய் வழியாகத் தகடூரையும் கங்க நாட்டையும் தொடும் பழைய வழித்தடத்தில்தான் கிடக்கிறது. மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா இந்தச் செங்கமே. 1767-இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஒரே மாதத்தில் இரு முறை மோதிக்கொண்டதற்கும் இந்தக் கணவாயே காரணம். காவிரிச் சமவெளியில் இருந்த எந்த அரசும் இந்த வாயிலைத் தன் சொந்தப் படையை நிறுத்திக் காத்ததில்லை. உள்ளூரில் ஆடுமாடும் ஆளும் வைத்திருந்தவர்களே காத்தார்கள்.

அந்தக் காவலின் படிநிலையை எடுத்தனூர் நடுகல்லைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டோடு தொடங்குகிறது. அடுத்து வாணகோ அரைசர். அவருடைய மருமக்கள் பொற்றொக்கையார். அவருடைய இளமகன் கருந்தேவக்கத்தி. எருமைத் தொழுவைக் காக்கையில் விழுந்தவன் அவன்தான். அவனுடைய நாய் கோவிவன் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்பதையும் கல் மறக்காமல் சொல்கிறது. அந்த நாயின் உருவமும் கல்லில் உண்டு. பல்லவன் இங்கே செய்தது ஒன்றுமில்லை. அவன் ஆண்டுக்கணக்காக மட்டும் நிற்கிறான். கடமை, உறவு, இழப்பு, நினைவு எல்லாம் வாணகோ அரைசரிலிருந்து கீழ்நோக்கியே ஓடுகின்றன. 1972-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியின் பதிப்பில் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூலைப் புரட்டினால் இதே வரிசை கல்லுக்குக் கல் திரும்ப வருவதைக் காணலாம்.

இனி அறுநூறு ஆண்டுகளைத் தாண்டுவோம். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் மகதை நாட்டு ஆறகளூரில் வாணகோவரையர்கள் இருக்கிறார்கள். அண்ணாமலையார் கோயிலுக்குப் பொன் வேய்ந்து பொன்பரப்பினான் என்று பெயர் பெற்றவர் அந்த மரபினரே. இடையில் பல்லவர் போனார்கள், இராட்டிரகூடர் வந்து போனார்கள், சோழர் தங்கள் உச்சத்தையே கடந்துவிட்டார்கள். வாணர் என்ற பெயர் மட்டும் இந்த நிலப்பகுதியை விட்டு நீங்கவில்லை. எடுத்தனூர் வாணருக்கும் ஆறகளூர் வாணருக்கும் குருதித் தொடர்பு இருந்ததா என்பது இங்கே முக்கியமில்லை. அந்தப் பெயரைச் சூடிக்கொண்டால் அதிகாரம் செல்லும் என்று 13-ஆம் நூற்றாண்டிலும் ஒருவர் கருதினார் என்பதே முக்கியம்.

அதிகமானின் சான்று இன்னும் வலியது. போளூருக்கு அருகே திருமலையில், சம்புவராயர் செல்வாக்கு நிலவிய வட்டாரத்தில், சமணக் குன்றொன்றில் இருந்த இயக்கன், இயக்கி படிமங்களை விடுகாதழகிய பெருமாள் புதுப்பித்தார். அவற்றை முதலில் எடுப்பித்தவன் தன் முன்னோனான எழினி என்று அங்கே பொறித்தும் வைத்தார். செங்கத்து உடன்படிக்கையில் இடம்பெறும் அதே தலைவர்தான் இவர். சோழனின் ஆட்சியாண்டை ஏற்பவர், தன் உரிமையின் வேரைச் சோழனிடம் தேடவில்லை, எழினியிடம் தேடுகிறார். நன்னூலை எழுதும்படி பவணந்தியாரைக் கேட்டுக்கொண்ட சிற்றரசன் சீயகங்கனையும் இந்த வரிசையில் வைத்தே பார்க்க வேண்டும். தமிழுக்கு இலக்கணம் செய்விக்கும் அளவுக்கு நிலைபெற்றிருந்த அவையை, ஒரு பேரரசின் கிளை அலுவலகமாகக் காண்பது எப்படி?

உடன்படிக்கைகள் தளர்ச்சியின் அறிகுறி என்றால், அவை வலுவற்ற மன்னன் காலத்தில் தோன்றியிருக்க வேண்டும். மூன்றாம் குலோத்துங்கன் வலுவற்றவனா? மதுரையை வென்றவன், திரிபுவனத்தில் கம்பகரேசுவரர் கோயிலை எழுப்பியவன். அவன் அதிகாரம் நின்ற நாளிலேயே செங்கத்தில் இந்த ஒப்பந்தங்கள் கல்லில் வெட்டப்பட்டன. மறைவாகச் செய்த சதியைக் கோயில் சுவரில் வெட்டி வைப்பார்களா? ஊரும் நாடும் கூடும் இடத்தில், அந்த மன்னனின் ஆட்சியாண்டையே போட்டு எழுதியிருக்கிறார்கள் என்றால், அது ஏற்கப்பட்ட முறையாக இருந்திருக்க வேண்டும். சம்புவராயர்கள் விக்கிரமசோழன், குலோத்துங்கசோழன் என்று சோழப் பெயர்களைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டதும் இதனோடு முரண்படவில்லை. மேலே ஒரு பெயரை ஏற்பதும் பக்கத்தில் ஒரு கையைப் பற்றுவதும் ஒரே ஏற்பாட்டின் இரு பக்கங்கள்.

இந்த ஏற்பாட்டின் பொருளியல் அடித்தளம் பாடிகாவல். ஊரையும் வழியையும் காப்பதற்காகக் குடிகளிடம் பெறும் வருவாய் அது. தலைவர்கள் கோயில்களுக்குத் தம் பாடிகாவல் வருவாயையே விட்டுக்கொடுத்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஆகவே அது அவர்கள் கையாளத்தக்க சொந்த உரிமையாக இருந்தது. ஐரோப்பிய நிலமானிய முறையில் நிலம் மேலிருந்து இறங்கும். படைச்சேவை கீழிருந்து ஏறும். இங்கே உரிமை காவலிலிருந்து முளைத்து, மேலே போகப் போகப் பட்டமாக மட்டும் மெலிகிறது. வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1980-இல் முன்வைத்த கூறாக்க அரசுக் (segmentary state) கோட்பாடு சோழ மையத்தின் வருவாய் நிர்வாகத்தைக் குறைத்து மதிப்பிட்டது. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் அதை மறுத்தது காவிரிப் படுகையைப் பொறுத்தவரை சரியே. ஆனால் அந்த மறுப்பை அப்படியே கணவாய் நாட்டுக்கு நீட்டக் கூடாது.

மேலே இருந்த பேரரசு ஆட்டம் கண்டபோது என்ன நடந்தது என்பதும் சான்றாகிறது. காடவராயன் கோப்பெருஞ்சிங்கன் 1231 வாக்கில் மூன்றாம் இராசராசனைத் தெள்ளாற்றில் வென்று சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். ஒய்சளன் இரண்டாம் நரசிம்மனின் தண்டநாயகர்கள் வந்து மீட்டதைத் திருவயிந்திரபுரக் கல்வெட்டு சொல்கிறது. சக்கரவர்த்தியே சிறையில், ஆனாலும் அண்ணாமலை நாட்டுச் சிற்றரசர்களின் ஆட்சி சரியவில்லை. சம்புவராயர்கள் அதன் பிறகும் நூறாண்டுக்கு மேல் படைவீட்டில் ஆண்டார்கள், பின்னாளில் தனியரசராகவே. ஒய்சளன் மூன்றாம் வல்லாளன் 14-ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையையே தன் இருப்பிடமாக்கி, மதுரை சுல்தானோடு போரிட்டு மடிந்தான். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் அண்ணாமலையாரே மகனாக இருந்து அவனுக்குத் திதி கொடுக்கும் சடங்கு இன்றும் நடக்கிறது. வெளியிலிருந்து வந்த மன்னனையும் இந்த நாடு உறவு சொல்லித்தான் ஏற்றது.

உண்மையான முறிவு 1360-களில் வருகிறது. குமார கம்பணன் சம்புவராயரை வென்ற பின் படைவீடு விஜயநகரத்தின் இராச்சியங்களில் ஒன்றாயிற்று. தலைநகரிலிருந்து அனுப்பப்பட்ட அதிகாரிகளும் தண்டநாயகர்களும், பின்னர் நாயக்கர்களும் வந்தார்கள். உரிமை இப்போதுதான் மேலிருந்து இறங்குகிறது; நிலமானியம் என்ற பெயர் இப்போதுதான் ஓரளவு பொருந்துகிறது. அண்ணாமலையார் கோயிலிலும் இதைப் பார்க்கலாம். சிற்றரசர் காலக் கொடைகள் விளக்கு, நந்தவனம், பொன் என்று சிதறிக் கிடக்க, கிருஷ்ணதேவராயரின் ஆயிரங்கால் மண்டபமும், தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் நிறைவுற்ற 217 அடி ராஜகோபுரமும் ஒற்றைப் பேரரசின் கையெழுத்தாக நிற்கின்றன.

மேலிருந்து இறங்கிய இந்த முறைக்குக் குடிகள் விரைவிலேயே பதில் சொன்னார்கள். 1429-இல் சோழமண்டலத்துக் கொறுக்கையிலும் திருவைகாவூரிலும் வலங்கை 98, இடங்கை 98 சாதியாரும் ஒன்றுகூடினார்கள். அரசு அதிகாரிகளான ராஜகரத்தாரும், நில வருவாய் பெற்ற ஜீவிதக்காரரும், நிலவுரிமையாளரான காணியாளரும் கேட்ட முறையற்ற வரிகளைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, தங்களுக்குள் உடன்படிக்கை எழுதிக் கோயில் சுவரில் வெட்டினார்கள். இருநூறாண்டுகளுக்கு முன் செங்கத்தில் தலைவர்கள் கையாண்ட அதே முறையைத் தலைவர்களுக்கு எதிராகவே குடிகள் கையிலெடுத்துக்கொண்டார்கள்.